ஆஸ்திரிய அரியணைத் தகராறு தேவனாம்பட்டினம் வரை வந்தது எப்படி?

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகர்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டைப் பீரங்கியின் குண்டு சென்று விழுந்த தொலைவு வரையிலான ஊர்களும் அந்த விலைக்குள் அடக்கம். 1746 இறுதியிலிருந்து இதைப் பிடிக்கப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படைகள் மீண்டும் மீண்டும் வந்தன. அந்தப் போருக்கு வரலாற்று நூல்கள் தரும் பெயரோ ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர். வியன்னாவில் ஓர் அரசருக்கு மகன் இல்லாமற்போனதற்கும் கெடிலக் கரைக்கும் என்ன தொடர்பு? வணிகப் போட்டிக்கு அரச குடும்பத் தகராறு வெறும் சாக்குத்தானா?

மறுமொழி: முத்தியால்பேட்டை வாசகர்

வெறும் சாக்கு என்று தள்ளிவிட இயலாது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் ஆறாம் சார்லஸ், தம் நாடுகள் பிரிவுபடாமல் ஒரே வாரிசுக்கு, மகன் இல்லையெனில் மகளுக்கே, சேர வேண்டும் என்று 1713இல் ஆணை பிறப்பித்து, அதற்குப் பிற அரசர்களின் ஒப்புதலைப் பெறுவதிலேயே எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் 1740 அக்டோபரில் இறந்தார். டிசம்பரிலேயே பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக், ஹாப்ஸ்பர்க் நாடுகளில் ஒன்றான சிலேசியாவுக்குள் படையுடன் நுழைந்தார். கையெழுத்துகளை வாங்கிக் குவித்தவர் மகளுக்குக் கருவூலத்தையும் படையையும் நல்ல நிலையில் விட்டுச் சென்றிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரான்சை ஆண்ட பூர்போன் மரபின் பதினைந்தாம் லூயி, வாரிசுரிமை கோரிய பவேரிய இளவரசரின் பக்கம் நின்றார். ஹனோவர் மரபில் வந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ், சார்லஸின் மகள் மரியா தெரேசாவை ஆதரித்தார். 1744இல் பிரான்சும் இங்கிலாந்தும் நேரடியாகப் போர் அறிவித்துக்கொண்டதும், பகை இந்தக் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது.

மறுமொழி: திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கம்பெனிகளுக்கு இந்தப் போரில் தொடக்கத்தில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே சென்னை ஆங்கிலேயரிடம் நடுநிலை உடன்பாடு கேட்டபோது, மன்னரின் போர்க்கப்பல்கள் தங்கள் கட்டளைக்குள் வாரா என்பதே அவர்களுடைய பதிலாக இருந்தது. சொன்னபடியே 1745இல் இங்கிலாந்து அரசக் கடற்படை பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கியது. அதன் பிறகே மொரீஷியஸிலிருந்து அதன் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே கப்பல்களுடன் வந்து, 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றினார். ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு மாறியது. ஆகவே, இங்குள்ள வணிகர்கள் மூட்டிய போரில் அரசர்கள் இழுக்கப்பட்டார்கள் என்பதைவிட, அரசர்களின் போர் வணிகர்களின் தலையில் விழுந்தது என்பதே பொருந்தும். சென்னையை வைத்துக்கொள்ள எத்தனை பாடுபட்டார் துய்ப்ளே! ஆனால் போரை முடித்த 1748 உடன்படிக்கையில் வட அமெரிக்காவின் லூயிபூர் கோட்டையைத் திரும்பப் பெறுவதற்கு ஈடாக அது கைமாறிவிட்டது.

மறுமொழி: மஞ்சக்குப்பம் வாசகர்

நன்றி. அப்படியானால் உடன்படிக்கைக்குப் பிறகும் இங்கே சண்டை ஓயாதது ஏன்?

மறுமொழி: முத்தியால்பேட்டை வாசகர்

நம்மிடமும் வாரிசுத் தகராறுகள் இருந்தன. 1748இல் ஹைதராபாத் நிஜாம் இறந்ததும், அவர் மகன் நாசிர் ஜங்கும் பேரன் முசாபர் ஜங்கும் மோதிக்கொண்டார்கள். கர்நாடக நவாப் பதவிக்கு அன்வருத்தீனை எதிர்த்துச் சந்தா சாகிபு எழுந்தார். 1749 ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மாண்டார். முசாபர் ஜங்குக்கும் சந்தா சாகிபுக்கும் பிரெஞ்சுக்காரர் துணை நின்றார்கள், எதிர்த்தரப்புக்கு ஆங்கிலேயர். பதினைந்தாம் லூயி பவேரிய இளவரசருக்குத் துணைநின்றது போலவே துய்ப்ளேயும் இங்கே பிறர் வீட்டுச் சொத்துச் சண்டைக்குள் நுழைந்தார். ஆட்சிப் பகுதிகளும் வரி உரிமையும் கைக்கு வரும் என்று தெரிந்தபின், வணிகர்கள் வணிகர்களாக மட்டும் இருக்க விரும்பவில்லை.

மறுமொழி: திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

மரியா தெரேசா சிலேசியாவை மீட்கவே இல்லை. புனித ரோமப் பேரரசர் பட்டமும் பெண்ணுக்கு இல்லாததால், 1745இல் அவர் கணவர் பிரான்சிஸ் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரு மரபுகளில் ஹாப்ஸ்பர்க் 1918இல் ஆட்சியை இழந்தது. பூர்போன் மரபோ ஸ்பெயினில் ஆறாம் ஃபிலிப் வழியாக இன்றும் அரியணையில் இருக்கிறது. இவருக்கும் மகன் இல்லை, மூத்த மகள் லியோனோர்தான் அடுத்த வாரிசு.