கென்யக் கவுண்டிகளின் ஆண்டுத் திட்டம்: ஊர்க் கோரிக்கை எங்கே நழுவுகிறது? (புனைபெயரில் ஐவர் பேசும் அனுபவப் பகிர்வு)

பேரேடு:
கென்யாவின் 47 கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்ற, தனிப் பேரவையுள்ள ஆட்சிப் பகுதிகள்) நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. ஊர்மக்கள் ஏப்ரல் மாதக் கூட்டத்துக்குத் திரண்டு வந்து "எங்களுக்குப் போர்வெல் வேண்டும்" என்று கேட்பார்கள். கேட்கிற இடம் சரி, மாதம்தான் தவறு. 2012ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டப்படி, அடுத்த நிதியாண்டுக்கான ஆண்டு வளர்ச்சித் திட்டம் செப்டம்பர் 1க்குள் கவுண்டிப் பேரவைக்குப் போய்விட வேண்டும். பணம் புழங்குவதற்குப் பத்து மாதம் முன்பே கதை எழுதியாகிவிடுகிறது. பிப்ரவரி 28க்குள் நிதி உத்தி அறிக்கை. துறைவாரி உச்சவரம்பு அதில் வந்துவிடும். ஏப்ரல் 30க்குள் வருவது வரவுசெலவு மதிப்பீடு. அப்போது புதிதாக ஒன்றைச் செருக வேண்டுமானால் இன்னொரு ஊரின் வேலையை வெட்டித்தான் செருக முடியும். ஆகவே மனு ஜூன், ஜூலையிலேயே வார்டு நிர்வாகி மேசையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, திட்டப் பட்டியலில் எழுதப்படும் வரியின் சொற்கள். "நீர் வசதி மேம்பாடு, வார்டு முழுவதும்" என்று ஏறினால் அந்தப் பணம் எந்த ஊருக்குப் போனது என்று பிறகு எவராலும் கேட்க முடியாது. ஊர்ப் பெயர், இடம், எத்தனை வீடுகளுக்கு, என்ன வேலை என்ற நான்கும் வரியிலேயே இருக்கட்டும்.

எல்லைக்கல்:
அதற்கும் முன்னால், கேட்கும் பொருள் கவுண்டியுடையதா என்று பாருங்கள். அரசமைப்பின் நான்காம் அட்டவணைப்படி மழலையர் வகுப்பு, கிராமத் தொழிற்பயிற்சிக் கூடம், கவுண்டிச் சாலை, மருந்தகம் (சிறு மருத்துவ நிலையம்), சந்தை, தெருவிளக்கு ஆகியவை கவுண்டிக்கு. தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, காவல், தேசிய நெடுஞ்சாலை ஆகியவை நைரோபியிலுள்ள தேசிய அரசுக்கு. ஒரே வளாகத்தில் மழலையர் அறைக்குக் கவுண்டி கூரை போடும். சுவரை ஒட்டிய ஒன்றாம் வகுப்புக்குப் போடாது. அதற்கு நாடாளுமன்றத் தொகுதி நிதிக்குத்தான் போக வேண்டும். அங்கே குழுவும் வேறு, படிவமும் வேறு.

ஊற்று:
போர்வெல் பற்றிக் கொஞ்சம் விரிவாக. தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

ஒரு வருடம் துளை போடப் பணம் ஒதுக்குவார்கள். பம்பு, சோலார் தகடு, தொட்டி, குழாய்க்கு "அடுத்த வருடம்" என்பார்கள். அடுத்த வருடம் வேறு ஊரின் முறை. இரும்பு மூடி வெல்டு வைத்த துளை அப்படியே கிடக்கும். நிலத்தடி ஆய்வு, துளை, பம்புச் சோதனை, தண்ணீர்ப் பரிசோதனை, பம்பும் சோலாரும், தொட்டி, விநியோகக் குழாய் என்று எல்லாவற்றையும் ஒரே திட்டத்தின் கீழ்க் கேட்க வேண்டும். நீர்வள ஆணையத்தின் அனுமதி துளைக்கு முன்பே வேண்டும்.

அடுத்தது பம்பின் அளவு. துளை போடும் வண்டி காற்றழுத்தத்தில் தண்ணீரைக் கக்கும்போது கண்ணால் மதிப்பிட்ட அளவை வைத்துப் பம்பு வாங்கினால் சில மாதங்களில் உலர்ந்து ஓடி மோட்டார் எரியும். 24 மணி நேரம் ஒரே வேகத்தில் இறைத்து நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். சோதனையில் தேறிய அளவில் 60, 70 விழுக்காட்டுக்கு மேல் இறைக்காதீர்கள். முடிந்தால் சோதனையைக் கோடையின் கடைசியில் வையுங்கள். மழை முடிந்ததும் எடுத்த அளவு ஆளை ஏமாற்றும்.

கணக்கு எளிது. மணிக்கு 2,000 லிட்டர், நல்ல வெயில் 6 மணி நேரம், ஆக நாளுக்கு 12,000 லிட்டர். தலைக்கு ஒரு கேன், அதாவது 20 லிட்டர் என்றால் 600 பேர். மனுவில் 3,000 பேர் என்று எழுதி ஒரே போர்வெல் கேட்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டதே இல்லை. ஆடுமாடுகள் அந்த 600இல் சேர்த்தியில்லை என்பதையும் மறந்துவிடுவார்கள்.

எல்லைக்கல்:
உப்பு அடித்தால்?

ஊற்று:
பரிசோதனை முடிவு வரும்வரை பம்பு வாங்கக் கூடாது. உப்பைப் போலவே ஃபுளோரைடும் பார்க்கப்பட வேண்டும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது எல்லை. பெரும்பிளவுப் பள்ளத்தாக்குப் பக்கம் அது அடிக்கடி தாண்டும்.

மக்குவேனி, கிட்டுயி, மச்சாகோஸ் கவுண்டிகள் பக்கம் நல்ல மாற்று மணல் அணை. மழைக்கு மட்டும் ஓடும் மணலாற்றின் குறுக்கே, அடிப்பாறை மேல் சுவர். சில பருவ மழையில் பின்னால் மணல் நிரம்பும். பருமணலின் கனஅளவில் 25 முதல் 40 விழுக்காடு வரை தண்ணீர் நிற்கும், வெயில் அதிகம் குடிக்காது. வண்டல் மண் வரும் ஓடையில் கட்டினால் நிரம்புவது சேறுதான், தண்ணீர் கிடைக்காது. கரையோரச் சிறகுச் சுவர் குட்டையாக இருந்தால் ஆறு பக்கவாட்டில் அரித்துக்கொண்டு போய்விடும். சுவர் மட்டும் நடுவில் தனியாக நிற்கும்.

மண்வெட்டி:
சாலைக்கு வருகிறேன். கென்யாவில் முர்ரம் என்பது நம்மூர் கிராவல். 1 கிலோமீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், இறுகிய பின் 15 சென்டிமீட்டர் தடிமன் என்றால் 750 கனமீட்டர். இறுக்கும்போது சுருங்கும் என்பதால் தளர்வாக 950 கனமீட்டராவது கொட்ட வேண்டும். 10 கனமீட்டர் டிப்பரில் 95 நடை. ஊர்க் குழு லாரியை எண்ணினால் போதும், பொறியாளர் தேவையில்லை. 50 நடையில் வேலை முடிந்தது என்றால் மீதி காகிதத்தில் மட்டும் கொட்டப்பட்டிருக்கிறது.

நடுவில் உயர்த்தி இருபுறமும் 4 முதல் 6 விழுக்காடு சரிவு, பக்க ஓடை, ஓடையிலிருந்து வயலுக்குத் தண்ணீரைத் திருப்பும் வெட்டு ஆகியவை இல்லாமல் மண்ணைச் சமன்படுத்தும் கிரேடர் மட்டும் ஓடினால் சாலையே வாய்க்காலாகிவிடும். கல்வெர்ட் குழாயின் இரு வாயிலும் தலைச்சுவர் இல்லாவிட்டால் அடுத்த மழையில் குழாய் சாலையைவிட்டு வெளியே கிடக்கும்.

பருவமும் பிரச்சினைதான். நீண்ட மழை மார்ச் முதல் மே, குறு மழை அக்டோபர் முதல் டிசம்பர். ஜூலையில் நிதியாண்டு தொடங்குவதால் செப்டம்பர்வரை மூன்று உலர்ந்த மாதம் கையில் இருக்கிறது. ஆனால் கருவூலப் பணம் தாமதமாகி, டெண்டர் நவம்பரில், ஆணை மார்ச்சில் என்று இழுத்து, ஜூன் 30க்குள் பில் போட வேண்டுமே என்று கொட்டும் மழையில் மண் கொட்டுவார்கள். அளவுப் பட்டியலை (என்னென்ன வேலை, எவ்வளவு பொருள் என்ற கணக்கு) ஜூனிலேயே தயாராக வைத்திருக்கும் துறைகள் மட்டும் தப்பிக்கும்.

கம்பவுண்டர்:
மருந்தகத்துக்கு வரவுசெலவில் கட்டடம் வளர்ச்சித் தலைப்பு, நர்ஸ் சம்பளம் நடப்புச் செலவுத் தலைப்பு. ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டால் பூட்டிய கட்டடம்தான் மிச்சம். கழிப்பறை, பிரசவ நஞ்சுக்கொடியைப் போடும் குழி, தண்ணீர், நர்ஸ் தங்கும் அறை ஆகியவை அளவுப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். மருத்துவ நிலையங்களின் பதிவேட்டு எண் கேட்கும் விண்ணப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். எண் இல்லாமல் மருந்து வரத்து தொடங்காது.

பேரேடு:
மக்குவேனி முறையை எல்லோரும் புகழ்கிறார்கள்: கிராமக் கூட்டத்தில் தொடங்கி வார்டு, துணைக் கவுண்டி, கவுண்டி என மேலே ஏறுவது. அந்த ஏணியை மற்றவர்களும் நகல் எடுத்துவிட்டார்கள். ஊர்ப் பணிக்குழு கையெழுத்திடாமல் ஒப்பந்தக்காரருக்குப் பில் இல்லை என்ற விதியை எடுப்பதில்தான் தயக்கம். என் கணிப்பில் பல் அதில்தான் இருக்கிறது. குழுவின் கையில் அளவுப் பட்டியலின் நகல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் வெறும் கையெழுத்து.

மண்வெட்டி:
சந்தையில் நிறுத்தும் உயர்கம்ப விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் அதற்கு "முலிகா முவிஸி", திருடன் மேல் வெளிச்சம் அடிப்பது என்று பெயர். கம்பத்துக்குத் திட்டத்தில் ஒரு வரி கேட்கும்போதே மாத மின் கட்டணத்துக்கு நடப்புச் செலவில் இன்னொரு வரி கேளுங்கள். கட்டணம் நின்றால் இணைப்பு போகும், கம்பம் மட்டும் இருக்கும்.