கயாக்கில் தூண்டில் போட வருகிறவர்களுக்குத் துறைமுகத்தில் ஓர் ஓரம்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

கயாக் என்பது துடுப்புப் போட்டுச் செலுத்தும் சிறு படகு. அதில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு மீன்பிடித் துறைமுகங்களில் என்ன வேண்டும் என்பது பற்றி நம் உறுப்பினர்கள் எழுதியவை இவை.

மதுரை, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து:

மதுரையில் கடல் இல்லை என்றாலும், கடலில் தூண்டில் போடும் ஆசை கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். சனிக்கிழமை இரவே கயாக்கைக் காரின் கூரையில் கட்டி வைத்துவிட்டு, விடிவதற்கு முன்பாகவே மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மண்டபம் பக்கமோ, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிப் பக்கமோ போய்ச் சேர்கிறவர்கள் நாம். பாறை, விளமீன், கலவாய் ஆகிய மீன்கள் நம்மை அவ்வளவு தூரம் இழுக்கின்றன. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு கயாக்கை எங்கே இறக்குவது என்பதுதான் எப்போதும் முதல் சிக்கல்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அங்கே எங்களை யாரும் விரட்டவில்லை. அதே சமயம் இறங்குவதற்கு இடமும் இல்லை. விசைப்படகுகள் அணைவதற்காகக் கட்டப்பட்ட தளம் தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தில் இருந்தது. ஐஸ் பெட்டிகளையும் டீசல் கேன்களையும் படகுக்குள் இறக்கவும், மீன் கூடைகளை மேலே ஏற்றவும் அந்த உயரம் வசதியானது. தண்ணீருக்கு மேல் ஒரு சாண் அளவே நிற்கும் கயாக்கில் அங்கிருந்து இறங்கி உட்காருவது நடக்கிற காரியமில்லை. போதாக்குறைக்கு, படகுகள் ஒன்றையொன்று ஒட்டி மூன்று வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கிடையே நங்கூரக் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. காவலாளி, 'அனுமதிச் சீட்டு இருக்கிறதா?' என்று கேட்டார். அதை எந்த அலுவலகத்தில் வாங்குவது என்று நாங்கள் திருப்பிக் கேட்டபோது அவருக்கும் பதில் தெரியவில்லை.

வலையைப் பிரித்துப் போட்டுப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் வழி காட்டினார். 'தம்பி, இது பெரிய போட்டு கட்டுற எடம். தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் போங்க, நாங்க வத்தை ஏத்துற மணல் இருக்கு' என்றார். தூண்டில் வளைவு என்பது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவர்; வத்தை என்பது அவர்களுடைய சிறு நாட்டுப்படகு. அங்கே போனோம். அகலமாக ஒன்றுமில்லை, பத்துப் பதினைந்து அடி மணல்தான். ஆனால் கல் இல்லாமல், கயிறு இல்லாமல், முழங்கால் ஆழம் வரை சீராகச் சரிந்து போனது. பெரியவரும் பின்னாலேயே வந்து, கயாக்கின் அடியில் இருந்த துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்து, மேலே ஏறுகிற தண்ணீர் அதன் வழியாகத் தானாக வடிந்துவிடும் என்று நாங்கள் சொல்வதற்கு முன்பாகவே கண்டுகொண்டார். தெர்மாகோல் மிதவையில் தனியாளாகப் போய்க் கணவாய் பிடிக்கிறவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் அதே மணலிலிருந்துதான் இறங்குகிறார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துறைமுகத்தை மேம்படுத்துகிறோம் என்று வேலை தொடங்கும்போதெல்லாம் முதலில் காணாமல் போவது இந்த மணல் ஓரம்தான். கரை முழுவதும் கான்கிரீட் சுவர் எழும்பிவிடுகிறது. கயாக்காரர்களுக்கென்று தனிக் கட்டடமோ வளைவு வாசலோ தேவையில்லை. இருக்கிற மணல் ஓரத்தை அப்படியே விட்டுவைத்தாலே போதும். அது முடியாத இடத்தில், வண்டிகளை நிறுத்தி மறிக்காதபடி ஒரு சாய்தளம் அமைத்துக் கொடுக்கலாம். நம் பக்கத்துக் கடலில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஏறி இறங்குகிறது என்பதால், நீளமான சாய்தளம்கூட வேண்டியதில்லை. மேற்பரப்பில் மட்டும் குறுக்கு வரிகள் வெட்டியிருக்க வேண்டும். வழவழப்பான சிமெண்டில் பாசி பிடித்துவிட்டால், முப்பது கிலோ எடையுள்ள கயாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர் இடுப்பை உடைத்துக்கொள்வார். அந்தச் சாய்தளம் தெர்மாகோல் மிதவைக்காரர்களுக்கும் வத்தைக்காரர்களுக்கும் சேர்த்தே பயன்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு மட்டும் என்று கேட்டால் கிடைக்காது, கேட்பதும் சரியில்லை.

திருமங்கலத்திலிருந்து:

மேலே எழுதியவர் இடத்தைப் பற்றிச் சொன்னார். நான் வலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் துறைமுகத்தில் நமக்கு வரவேற்பு கிடைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அதனால்தான்.

எங்களோடு வந்திருந்த ஒருவருடைய தூண்டில், கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் ஒரு நண்டு வலையில் மாட்டிக்கொண்டது. வலையின் அடையாளமாக மிதந்துகொண்டிருந்தது ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டு மட்டுமே. வெயிலில் அலையின் நுரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. வலைக்காரர் வள்ளத்தில் வந்து சேர்ந்தார். சத்தம் போடவில்லை. தூண்டில் முள்ளின் நுனியில் உள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நறுக்கி, வலையின் ஒரு கண்ணிகூட அறுபடாமல் முள்ளைப் பின்பக்கமாக உருவி எடுத்து நண்பர் கையில் கொடுத்துவிட்டு, 'கரைக்கு வாங்க, பேசிக்கலாம்' என்று மட்டும் சொன்னார்.

கரையில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அபராதம் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தோம்; அவர்கள் கேட்டது வேறு. கடலுக்குப் போவதற்கு முன் ஏன் யாரிடமும் சொல்லவில்லை, பிடிக்கிற மீனை எங்கே விற்கிறீர்கள், இந்த இரண்டும்தான் அவர்களுடைய கேள்விகள். விற்பதில்லை, வீட்டுக்குத்தான் கொண்டு போகிறோம் என்றதும் முகங்களில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை உள்ள பகுதியை நாட்டுப்படகுக்காரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் தூரம் அது. கயாக்கில் நாம் தூண்டில் போடுவது முழுவதும் அதற்குள்தான். அப்படியானால் நாம் விருந்தாளிகளாகப் போவது அவர்களுடைய இடத்துக்கு. அலுவலக அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கக் கூடாது என்று நாங்கள் அன்றே முடிவு செய்தோம்.

இப்போது அந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு நடைமுறை உருவாகியிருக்கிறது. போகும்போது ஊர்ப் பொதுக் கணக்குக்கு மகமையாக ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். வலை எந்தத் திசையில் எத்தனை பாகம் ஆழத்தில் கிடக்கிறது என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மீனை ஏலக்கூடத்தின் பக்கமே கொண்டு போவதில்லை. கயாக்கின் பின்புறம் நீளமான கம்பில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டிக்கொள்கிறோம். இருக்கையில் தாழ உட்கார்ந்திருக்கும் ஆள், வேகமாக வருகிற வள்ளத்தில் நிற்பவர் கண்ணுக்கு அலைமறைவில் தெரிவதே இல்லை. வேறு ஊர்களிலும் இதையே பின்பற்றலாம்.

மதுரை, எல்லிஸ் நகரிலிருந்து:

நான் கணவரோடும் சில வேளைகளில் தோழியோடும் போகிறவள். துறைமுகங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற ஒரு மறைவும் இல்லை என்பதை இங்கே யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். இருக்கிற கழிப்பறைகளும் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஏலக்கூடத்தில் விடியற்காலையிலிருந்து மீன் தரம் பிரிக்கும் பெண்களுக்கும், கடற்பாசி எடுக்கப் போய் ஈரச் சேலையோடு கரையேறும் பெண்களுக்கும் அன்றாடம் உள்ள துன்பம் இது. நாங்கள் மாதத்தில் ஒருநாள் படுவதை அவர்கள் நாள்தோறும் படுகிறார்கள். கயாக்காரர்கள் பெயரால் ஒரு கழிப்பறை திறக்கப்பட்டு, அதன் சாவி அந்தப் பெண்களிடம் இருக்குமானால், அதைவிட நல்ல வரவேற்பு எங்களுக்கு வேண்டியதில்லை.

இன்னொன்று. உப்பைக் கழுவுவதற்குக் கரையிலேயே நன்னீர்க் குழாய் வேண்டும் என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஒருமுறை நாங்கள் கரையேறியபோது, நம்மோடு வந்த ஒருவர் ஒரு கடைக்காரரிடம் பணம் கொடுத்துக் குழாய் வாங்கி, கயாக்கையும் தூண்டில் உருளைகளையும் பொறுமையாகக் கழுவிக்கொண்டிருந்தார். அதே தெருவில், நான்கு சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஏழெட்டுப் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி, ஒரு சிறுமியும் அவளுடைய பாட்டியும் எங்கிருந்தோ தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மணலில் சக்கரம் புதைந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, அந்தச் சிறுமி ஓடுகிற குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிநீரின் அருமை என்னவென்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு கேன் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போய், உருளைகளையும் முட்களையும் மட்டும் துடைத்துக்கொண்டு, கயாக்கை வீட்டுக்கு வந்து கழுவலாம். பிளாஸ்டிக் உடம்பு நான்கு மணி நேர உப்பைத் தாங்கும்.

விருதுநகரிலிருந்து:

கழிப்பறை பற்றிச் சகோதரி சொன்னதை வழிமொழிகிறேன். மணல் ஓரம் போதும் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு, தண்ணீர் மட்டத்தோடு உயர்ந்து தாழும் மிதவைத் தளம் ஒன்று இருந்தால்தான் ஏறி இறங்க முடியும். மணலில் அலை அடிக்கும்போது கயாக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நான் திரும்பி வந்திருக்கிறேன். கரையில் நிற்கும் இளைஞர்களுக்குக் கூலி கொடுத்து உதவி பெறலாம் என்றால் அதுவும் சரிதான். ஆனால் அதற்கு ஒரு தொகையை ஊர்க்காரர்களே நிர்ணயித்து எழுதி வைத்துவிட்டால் இரு தரப்புக்கும் சங்கடம் இருக்காது.

மேலூரிலிருந்து:

எல்லோரும் கரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கரைக்குத் திரும்பி வருவதைப் பற்றி நான் எழுத வேண்டும்.

மண்டபம் பக்கம் தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக் விரிகுடாவும் இருப்பதால், ஒரு பக்கம் கொந்தளித்தால் மறுபக்கம் போகலாம் என்பது நம்மவர்களின் வழக்கமான கணக்கு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும். வடகடல் கண்ணாடி போல் கிடக்கும். அந்தக் கண்ணாடியில்தான் ஆபத்து இருக்கிறது. காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் அலை எழும்ப இடமில்லாததால் அமைதியாகத் தெரிகிறது. துடுப்புப் போடாமல் மீனைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால், கயாக் வடகிழக்கே வெகுதூரம் தள்ளப்பட்டிருக்கும். அந்தத் திசையில் இருப்பது இந்திய இலங்கைக் கடல் எல்லை. அப்படித் தள்ளப்பட்ட இருவரை ஒரு நாட்டுப்படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்ததை நான் கரையில் நின்று பார்த்தேன். அவர் அன்றைய வலையை இழுக்காமல் விட்டுவிட்டு வந்திருந்தார். டீசலுக்குக் கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்து, 'போகும்போது சொல்லிட்டுப் போயிருந்தா முன்னாடியே தேடியிருப்போமே' என்றார்.

எனவே நான் ஒரு துறைமுகத்தில் முதலாவதாகக் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகமும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான். பெயர், கைபேசி எண், கயாக்கின் நிறம், கிளம்பிய நேரம், திரும்ப வேண்டிய நேரம் ஆகியவற்றை எழுதிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் யாருக்குத் தகவல் சொல்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்கள் பெரிய எழுத்தில் சுவரில் இருக்கட்டும். அருகிலேயே ஒரு கரும்பலகை வைத்து, அன்றைய காற்றின் திசை, எந்தக் கடலில் இறங்கலாம், அன்று கடலுக்குப் போவது விசைப்படகுகளா நாட்டுப்படகுகளா என்பவற்றைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிடலாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் சில தீவுகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிவதால், விவரம் அறியாதவர்கள் நேராக அங்கே துடுப்புப் போடுகிறார்கள். அனுமதியின்றி அங்கே போவது குற்றம் என்பதும் அந்தப் பலகையில் வேண்டும். கடலட்டை, கடல்குதிரை, ஆமை எதைத் தொட்டாலும் வனத்துறை வழக்கு வரும் என்பதும் அப்படியே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் நமக்கு வசதி என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நாள்களில்தான் துறைமுகத்துக்குள் நெருக்கடி மிக அதிகம். எல்லாப் படகும் கட்டிக் கிடக்கும், பழுது பார்ப்பதும் சாயம் பூசுவதும் நடந்துகொண்டிருக்கும். அப்போது துறைமுகத்தைத் தவிர்த்து, ஊர்க்காரர்கள் சம்மதிக்கும் மணற்கரைகளில் இறங்குவதே நல்லது.

தொண்டி அருகே காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் விடுகிறார்கள். அங்கே உயிர்காப்புச் சட்டை போடாதவரை ஏற்றமாட்டார்கள்; கூடவே வருவது உள்ளூர் ஆள். மீன்பிடித் துறைமுகத்திலும் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை, உள்ளூரில் கடலுக்குப் போக முடியாமல் கரையில் இருக்கிற ஒருவருக்குச் சம்பளத்தோடு கிடைக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு நாம் கொடுக்கிற கட்டணம் உதவட்டும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மனுவில் சாய்தளம், கழிப்பறை, நோட்டுப் புத்தகம், கரும்பலகை ஆகிய நான்கும் இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் வேண்டாம். மிதவைத் தளத்தைப் பற்றி வத்தைக்காரர்களிடம் கேட்டுவிட்டுச் சேர்ப்போம். மனுவில் முதல் கையெழுத்து அந்தந்த ஊர் மீனவர் சங்கத்தாருடையதாக இருக்க வேண்டும் என்பதால், அடுத்த முறை கடலுக்குப் போகிறவர்கள் தூண்டிலை எடுப்பதற்கு முன் அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதுங்கள்.