வியன்னா இரயில் நிலையத்தில் பெட்டிமேல் அமர்ந்திருக்கும் சிறுவன்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

காட்பாடிக்காரன்:

வியன்னா மேற்கு இரயில் நிலையத்துச் சிறுவன் சிலையை நம் ஊர்ப்பக்கத்திலிருந்து அங்கே படிக்கவும் வேலைக்கும் சென்ற பலர் கடந்திருப்பீர்கள். ஃப்ளோர் கென்ட் வடித்தது, 2008இல் வைத்தார்கள். ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு பையன், அவ்வளவுதான். இரண்டாம் உலகப்போருக்குச் சற்று முன்பு நாஜிகளிடமிருந்து தப்பிக்க, பெரும்பாலும் யூதர்களான ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு இரயிலேறியதன் நினைவுச்சின்னம் அது; அந்த வரலாற்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நான் எழுத வந்தது 2015 செப்டம்பரில் கண்டதை. ஹங்கேரியிலிருந்து வந்த அகதிகளால் நிலையம் நிறைந்திருந்தது. ஆறேழு வயதுள்ள ஒரு சிரியச் சிறுமி அந்தப் பையனின் அருகில் உட்கார்ந்து, அவனுடைய பெட்டியைத் திறக்க முயன்றாள். விளிம்பில் நகத்தை விட்டு இழுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. தன்னிடமிருந்த பாலித்தீன் பையை உடனே மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். முனிக் வண்டிக்கு அவளுடைய தந்தை அழைத்தார், ஓடிவிட்டாள். அந்தப் பெட்டிக்குள் எதைத் தேடினாள் என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

ஆற்காட்டுப் பெண்:

அண்ணா, நீங்கள் கண்டது மனத்தைத் தொடுகிறது. ஆனால் ஒற்றைச் சிறுவன் போதும் என்பது போல் நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இலண்டன் லிவர்பூல் தெரு நிலையத்துக்கு வெளியே 2006இல் வைத்த சிற்பத்தில் ஐந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். வடித்த ஃபிராங்க் மைஸ்லரே 1939இல் டான்சிக் நகரிலிருந்து அவ்வாறு அனுப்பப்பட்ட பிள்ளை. அவருடைய பெற்றோர் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். அப்பிள்ளைகள் புறப்பட்ட ஊர்களின் பெயர்களைச் சுற்றிலும் பொறித்திருக்கிறார்கள். ஒரு மாலை, வயது முதிர்ந்த ஒருவர் அப்பெயர்களுள் ஒன்றின்மீது தம் கைத்தடியின் நுனியை ஊன்றி, அலுவலகம் விட்டு விரையும் கூட்டம் இடித்துச் செல்வதையும் பொருட்படுத்தாமல், வெகுநேரம் அசையாது நின்றார். எந்த ஊர் என்று பார்க்க நான் நெருங்கவில்லை. பிரிட்டன் பிள்ளைகளுக்குத்தான் கதவைத் திறந்தது, பெற்றோருக்குத் திறக்கவில்லை. பெரும்பாலோர் தாய்தந்தையரை மீண்டும் காணவே இல்லை. இந்த இரண்டு சிற்பங்களிலும் அந்தப் பெற்றோர் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

குடியாத்தம் ஆசிரியர்:

செக் நாட்டின் பிராகா தலைமை நிலையத்தின் முதல் நடைமேடையில், கையில் ஒரு குழந்தையுடன் நிற்கும் நிக்கோலஸ் விண்டன் சிலையைச் சுற்றுலாவின்போது பார்த்தேன். வழிகாட்டி, ‘இவர் தனியாளாக 669 பிள்ளைகளைக் காப்பாற்றினார்’ என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அந்தத் ‘தனியாளாக’ என்ற சொல் எனக்கு உறுத்தியது. விண்டன் இலண்டனில் இருந்துகொண்டு வளர்ப்புக் குடும்பங்களையும், ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்ட வேண்டிய 50 பவுண்டு பிணைத்தொகையையும் தேடினார். பிராகாவிலேயே இருந்துகொண்டு பிள்ளைகளை வண்டியேற்றியவர் டிரெவர் சாட்விக் என்ற பள்ளி ஆசிரியர். அவர்களுக்கு முன்பே அங்கே அகதிகளுக்காக உழைத்தவர் டோரீன் வாரினர் அம்மையார். சாட்விக்குக்கு அவருடைய ஊரான ஸ்வானேஜில் 2022இல்தான் சிலை வந்தது.

ஆகவே, ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த பிள்ளைகளுக்காகக் காட்பாடி சந்திப்பிலும் இப்படியொரு சிறிய சிலை வேண்டும் என்று யாரேனும் மனுக் கொடுப்பதாக இருந்தால் (கொடுக்கவேண்டும் என்றே நான் விரும்புகிறேன்) சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உயரமான பீடம் வேண்டாம். பிள்ளைகள் தொடும் உயரத்தில், தரையிலேயே அமையட்டும். தகட்டில் திறந்துவைத்தவரின் பெயரைவிட உதவியவர்களின் பெயர்கள் பெரிதாக இருக்கவேண்டும். 1984 முதல் ஈழத்துப் பிள்ளைகளின் கல்விக்கும் ஊட்டத்துக்கும் உழைத்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தையும் அதைத் தொடங்கிய சந்திரகாசனையும் அதில் விட்டுவிடக் கூடாது. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் படம் எடுப்பதற்கு முன்னால் ஆண்டையும் எண்ணிக்கையையும் சொல்லிக்கொடுங்கள். 1939 செப்டம்பர் 1 அன்று 250 பிள்ளைகளுடன் பிராகாவிலிருந்து புறப்படவேண்டிய வண்டி போர் மூண்டதால் புறப்படவே இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மேல்மொணவூர்:

நான் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவள். 1990இல் படகேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இங்கே அனுப்பப்பட்டோம். சிறுவன் சிலையின் படத்தை அம்மாவிடம் காட்டி, அவனுடைய கதையையும் சொன்னேன். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். “இந்தப் பொடியனுக்குப் பெட்டியை ஆர் அடுக்கிக் குடுத்தது?” என்று கேட்டார். ஆற்காட்டு அக்கா தேடிய பெற்றோர் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. எங்கள் பையில் தாம் முதலில் வைத்தது எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்கள்தாம் என்றும், படகில் தண்ணீர் ஏறினாலும் நனையாதபடி அவற்றை இரண்டு பாலித்தீன் உறைகளில் சுற்றியதாகவும் அம்மா அதுவரை சொன்னதே இல்லை.

ஆசிரியர் ஐயா, சிலை வருவதை நான் மறுக்கவில்லை. 2023 செப்டம்பரில் எங்கள் முகாமில் புதிய வீடுகள் திறக்கப்பட்டபோது மனம் நிறைந்தது உண்மை. ஆனால் பிரிட்டன் சென்ற அந்தப் பிள்ளைகளில் பலர் பின்னாளில் அந்நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். என் தம்பி 1993இல் வேலூரில் பிறந்தவன். 1987 ஜூலை 1ஆம் நாளுக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை உண்டு. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. சிலைக்கு மனு எழுதுகிறவர்கள் இதையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள்; கையொப்பமிட எங்கள் தெருவிலிருந்து எல்லோரையும் அழைத்து வருகிறேன்.