கண்ணின் குவியத்தூரம் 17 மி.மீ.யா, 22 மி.மீ.யா?

கேள்வி: ஒரு புத்தகத்தில் கண்ணின் குவியத்தூரம் 17 மி.மீ., இன்னொன்றில் 22, ஆனால் விழிக்கோளத்தின் நீளமோ சுமார் 24 என்கிறார்கள். விழித்திரையில் விழும் பிம்பத்தின் அளவைக் கணக்குப் போட எதை எடுப்பது?

பதில் 1: இரண்டும் சரிதான். எம்ஸ்லி என்ற கண் ஒளியியல் நிபுணரின் எளிய கண் மாதிரியில் ஒரே ஒரு வளைபரப்பு, ஆரம் 5.55 மி.மீ., உள்ளே ஒளிவிலகல் எண் 4/3, திறன் 60 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் திறனின் அலகு; 1-ஐ மீட்டரில் உள்ள குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது). காற்றுப் பக்கம் 1/60 மீட்டர், அதாவது 16.67 மி.மீ.; உள்பக்கம் அதை 4/3 ஆல் பெருக்கினால் 22.22. பிம்ப அளவுக்கு 16.67 போடுங்கள், ஏனென்றால் வளைவு மையம் வழியாகப் போகும் கதிர் வளையாது, அங்கிருந்து விழித்திரைக்கு அவ்வளவுதான் தூரம். 6 மீட்டர் தள்ளியிருக்கும் 8.7 மி.மீ. எழுத்து உள்ளே வெறும் 0.024 மி.மீ., எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்!

கேட்டவர்: சரி, அப்போ அந்த 24?

பதில் 2: அது நிஜக் கண். கார்னியா (கண்ணின் முன்பக்க ஒளிபுகும் படலம்), லென்ஸ் என்று பல பரப்புகள் இருப்பதால் 22-ஐ அளக்க வேண்டிய தளம் கார்னியாவுக்குச் சுமார் 1.5 மி.மீ. உள்ளே போய்விடுகிறது, கூட்டிப் பாருங்கள். அப்புறம், திறனில் 43 டயாப்டர் போலக் கார்னியாவே தருகிறது. தண்ணீருக்குள் கார்னியாவின் அந்தத் திறன் கிட்டத்தட்ட போய்விடும், அதனால்தான் அங்கே எல்லாம் மங்கல்.