பிரைவேட் டிஎன்எஸ் வைத்தால் ஹாஸ்டல் வைஃபையில் மட்டும் நெட் நின்றுவிடுகிறது

குறிஞ்சிமலர்:
வணக்கம். என்னுடையது ஆண்ட்ராய்டு 13 சாம்சங் போன். நான் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பது ஹாஸ்டல் வைஃபையைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று பிரைவேட் டிஎன்எஸ் வைத்தேன் (தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியான ஐபியைக் கேட்பதுதான் டிஎன்எஸ், அந்தக் கேள்வியை மறைத்து அனுப்புவது பிரைவேட் டிஎன்எஸ்). முதலில் குவாட்9 என்ற டிஎன்எஸ் சேவையின் முகவரியை 9.9.9.9 என்று எண்ணில் அடித்தேன், சேவ் பட்டன் மங்கலாகவே இருந்தது. அப்புறம் குவாட்9 சர்வரின் பெயரை எழுத்தில் அடித்ததும் ஏற்றுக்கொண்டது. மொபைல் டேட்டாவில் நன்றாக ஓடுகிறது, எங்கள் வீட்டு வைஃபையிலும் ஓடுகிறது. ஹாஸ்டலில் மட்டும் ‘பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை’ என்று வருகிறது. வாட்ஸ்அப்கூட நின்றுவிடுகிறது. ஆட்டோமேட்டிக் என்று மாற்றினால் உடனே சரியாகிறது. அப்படியே விட்டுவிடலாமா? ரீஸ்டார்ட், நெட்வொர்க் ரீசெட் இரண்டும் செய்து பார்த்துவிட்டேன்.

தெற்குவாசல்:
போன் நன்றாகத்தான் இருக்கிறது. இனி ரீசெட் செய்ய வேண்டாம், சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள்தான் அழியும்.

எண்ணை அது ஏற்காததற்குக் காரணம் உண்டு. சர்வர் காட்டும் சான்றிதழில் நீங்கள் கொடுத்த பெயர் இருக்கிறதா என்று போன் சரிபார்க்கும். நடுவில் வேறு யாராவது அந்தச் சர்வரைப் போல நடித்தால் அங்கேயே பிடிபடுவார்கள்.

ஆட்டோமேட்டிக் பற்றிக் கேட்டீர்களே, அதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த முறையில் போன் குவாட்9ஐத் தேடிப் போகாது. வைஃபை எந்த டிஎன்எஸ் சர்வரைக் கைகாட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். அந்தச் சர்வருக்குக் குறியாக்கம் தெரிந்தால் மறைத்துக் கேட்கும். தெரியாவிட்டால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பழையபடி 53ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்) வெளிப்படையாகக் கேட்கும். ஹாஸ்டல்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்பது உங்கள் நோக்கமென்றால் இது போதாது.

பெயர் கொடுத்து வைக்கும் முறையில் அந்த விட்டுக்கொடுத்தலே கிடையாது. டிஎல்எஸ் எனப்படும் குறியாக்க இணைப்பு கிடைத்தால் ஓடும், கிடைக்காவிட்டால் நெட்டே வராது. 2018இல் ஆண்ட்ராய்டு 9உடன் இந்த வசதி வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

அங்கே வைஃபை சேர்ந்ததும் லாகின் பக்கம் ஏதாவது வருமா?

குறிஞ்சிமலர்:
வரும் அண்ணா. மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும்.

தெற்குவாசல்:
அப்படியானால் முதலில் ஆட்டோமேட்டிக்கில் வைத்து லாகின் செய்யுங்கள். நெட் வந்த பிறகு குவாட்9 பெயருக்கு மாற்றுங்கள். இப்போது ஓடினால், லாகின் பக்கம் திறக்க முடியாததுதான் சிக்கல். அப்போதும் அதே செய்தி வந்தால் 853ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இந்த டிஎன்எஸ் போவது அந்த வழியில்தான்.

போர்ட் அடைப்பு என்றால் பிரைவேட் டிஎன்எஸ் செட்டிங்கில் எதை மாற்றியும் குவாட்9 அங்கே வராது. ஆனால் குரோமில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் ‘யூஸ் செக்யூர் டிஎன்எஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அது சாதாரண வலைப்பக்கங்கள் போகும் 443ஆம் போர்ட்டிலேயே கேள்வியை அனுப்புவதால் அடைப்பது சிரமம். குரோமுக்கு மட்டும்தான் பொருந்தும், மற்ற ஆப்களுக்கு இல்லை.

மாடித்தோட்டம்:
குறிஞ்சிமலர், ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டில் சத்தமாக வழி கேட்காமல் ஒருவர் காதில் மட்டும் கேட்பது போலத்தான் இது. கேட்டது மற்றவர் காதில் விழாது, ஆனால் நீங்கள் எந்தப் பஸ்ஸில் ஏறினீர்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். தளத்தின் ஐபி முகவரி மறைவதில்லை. பெரும்பாலான தளங்களில், இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயரும் வெளிப்படையாகவே போகிறது. உள்ளே எந்தப் பக்கம் படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது எச்டிடிபிஎஸ் (தளத்தோடு குறியாக்கம் செய்த இணைப்பு) இருந்தால் தெரியாது.

யார் காதில் கேட்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு எல்லாம் தெரியும். அந்த வகையில் குவாட்9 நல்ல தேர்வு. லாபநோக்கற்ற அமைப்பு, 2021 முதல் சுவிட்சர்லாந்தில் இருந்து இயங்குகிறது, மோசடித் தளங்கள் என்று அறியப்பட்டவற்றையும் தடுக்கிறது.

குறிஞ்சிமலர்:
லாகின் செய்துவிட்டு மாற்றினேன், அதே செய்திதான். போர்ட் அடைப்பு என்று புரிந்துவிட்டது. ஹாஸ்டலில் ஆட்டோமேட்டிக்கில் வைத்து, குரோமில் செக்யூர் டிஎன்எஸ்ஸில் கிளவுட்ஃபிளேர் என்ற வேறொரு டிஎன்எஸ் சேவையைத் தேர்ந்தெடுத்தேன், வேலை செய்கிறது. அந்தரங்கமான தேடல் எதுவானாலும் இனி மொபைல் டேட்டாவில்தான். வெளியே வந்து குவாட்9 பெயருக்கு மாற்றி அவர்களுடைய சோதனைப் பக்கத்தைத் திறந்தால் ‘யெஸ்’ என்று காட்டுகிறது. இருவருக்கும் மிக்க நன்றி. அறைத்தோழியிடம் ஐபோன் இருக்கிறது, செட்டிங்ஸ் முழுக்கத் தேடியும் இப்படிப் பெயர் அடிக்கும் இடமே இல்லையே?

தெற்குவாசல்:
ஐபோனில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. ஐஓஎஸ் 14இலிருந்து ப்ரொஃபைல் (செட்டிங்ஸ் அடங்கிய கோப்பு) ஒன்றை நிறுவியோ ஆப் மூலமாகவோ வைக்கலாம். ப்ரொஃபைலை குவாட்9 தளத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் ப்ரொஃபைலைப் போடவே வேண்டாம், அதில் எழுதியிருக்கும் சர்வருக்குத்தான் தோழியின் கேள்விகள் எல்லாம் போகும்.