திவ்யா கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு

*நம்ம குடும்பம்* – சனிக்கிழமை

[11:05] கார்த்தி: சித்தி, ரிச்சி ஸ்ட்ரீட்ல இருக்கேன். மதர்போர்டுதான் போயிருக்கு, பிராசசர் நல்லாருக்காம். பழைய ஹெச்110 போர்டு ஒண்ணு காட்டுறாங்க. பிராசசர் உக்கார்ற சாக்கெட்டும் அதே 1151தான். வாங்கிடவா?

[11:07] பாலு மாமா: டேய் நில்லு, காசு குடுத்துடாத

[11:09] பாலு மாமா: நம்மது ஐ3-8100, 8வது ஜெனரேஷன். அதுக்கு ஹெச்310, பி360 மாதிரி 300 சீரிஸ் போர்டுதான் வேணும். ஹெச்110, 6வது 7வதுக்கு உள்ளது. பிராசசர் அதுல கச்சிதமா உக்காரும், ஆனா டிஸ்ப்ளே வராது

[11:10] செல்வி சித்தி: உக்காந்தா ஓட வேண்டியதுதானே அண்ணே

[11:12] பாலு மாமா: பின் எண்ணிக்கை ஒண்ணுதாம்மா. 8வதுல சில பின்னோட வேலையை இன்டெல் மாத்திட்டான். நிறைய பேர் ஏமாறுற இடமே இதான்

[11:20] கார்த்தி: ஹெச்310 இருக்காம் மாமா. ஆனா யூஸ்டு. ஒரு வாரம்தான் வாரன்டி

[11:21] திவ்யா: மாமா எனக்கு காலேஜ் முடியவே 4 வருஷம் இருக்கு 🙁

[11:24] பாலு மாமா: அப்ப அது வேணாம். புது ஹெச்610 போர்டும் அதுக்கேத்த ஐ3-12100 பிராசசரும் கேளு. 12100எஃப் குடுத்தா வாங்காத, எஃப்ல கிராபிக்ஸ் கிடையாது, தனியா கார்டு போடணும்

[11:31] கார்த்தி: இருக்கு மாமா. கூட டிடிஆர்5 வகை ரேம் 16 ஜிபி வாங்கணும்கிறாங்க. ரேம் விலைதான் கண்ணைக் கட்டுது

[11:33] பாலு மாமா: ரேம் எதுக்குடா? ஹெச்610லயே டிடிஆர்4 போர்டு தனி, டிடிஆர்5 போர்டு தனி. பெட்டில டிடிஆர்4னு போட்டிருக்கறத கேளு. பழைய கேபினட்ல இருக்க ரேமைக் கழட்டி ஸ்டிக்கரைப் படி

[11:38] கார்த்தி: 8 ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி

[11:40] பாலு மாமா: பிசி4ன்னா டிடிஆர்4. அருமை. அதையே போட்டுட்டு இன்னொரு 8 ஜிபி மட்டும் வாங்கு. ஒண்ணு மட்டும் போட்டா சிங்கிள் சேனல், டேட்டா ஒரே வழியிலதான் போகும். ரெண்டு போட்டா டூயல் சேனல், ரெண்டு வழி, உள்ளயே இருக்க கிராபிக்ஸுக்கு அது ரொம்ப முக்கியம்

[11:41] திவ்யா: பழசு 2400 ஸ்பீடுதானே, புதுசு 3200 வாங்கலாமா மாமா?

[11:43] பாலு மாமா: வாங்கு கண்ணு. ஆனா ரெண்டும் சேர்ந்து 2400லதான் ஓடும், மெதுவா இருக்கறதுக்குத் தக்கதான் மத்தது. பின்னாடி பழசை மாத்துனா 3200 கிடைக்கும். உன் எக்செல், ப்ரோகிராமிங்குக்கு இப்ப இதுவே தாராளம்

[11:44] பாலு மாமா: கார்த்தி, வேற வேற கம்பெனி ரேம் சில நேரம் ஒத்துக்காது. கடையிலயே ரெண்டையும் போட்டு ஆன் பண்ணிப் பாத்துட்டுதான் காசு குடுக்கணும்

[11:45] செல்வி சித்தி: மழை இடில தானே போச்சு. கரண்ட் குடுக்கற அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டி, பழசையே போடலாமா அண்ணே?

[11:46] பாலு மாமா: நல்லவேளை கேட்டே. புது போர்டுல மாட்டுறதுக்கு முன்னாடி அதைத் தனியா டெஸ்ட் பண்ணச் சொல்லு. சந்தேகமா இருந்தா புதுசு போட்டுடு, அதுல மிச்சம் பிடிக்காத

[12:52] கார்த்தி: எஸ்எம்பிஎஸ் புதுசே போட்டாச்சு, பழசுல வோல்டேஜ் ஏறி இறங்குது. டிஸ்ப்ளே வந்துடுச்சு மாமா 🙏 பயாஸ் செட்டிங்ஸ் ஸ்கிரீன்ல 16 ஜிபி, 2400னு காட்டுது

[12:53] பாலு மாமா: டூயல் சேனல்னு இருக்கா?

[12:54] கார்த்தி: இருக்கு

[12:55] பாலு மாமா: சரி, பணம் குடு. போர்டு சீரியல் நம்பரை பில்லுலயே எழுதி வாங்கிக்கோ