பொருள்: ஃபூர்ஸ்ட் – இளவரசரா, வேளா?

நண்பர்களுக்கு வணக்கம். ஜெர்மனியில் கிரைட்ஸ் நகரிலிருந்து ஆண்ட ரொய்ஸ் குடியின் மூத்த கிளையின் வரலாற்றை மொழிபெயர்க்கிறேன். நாடே 316 சதுர கிலோமீட்டர்தான். ஆண்டவர் பட்டம் ‘ஃபூர்ஸ்ட்’. ஆங்கிலத்தைப் பார்த்து ‘இளவரசர்’ என்று எழுதினால், “11ஆம் ஹைன்ரிஷ் 1778இல் இளவரசர் ஆனார்” என்று வருகிறது. அப்போது அவருக்கு வயது 56, கைக்குழந்தையிலேயே பட்டத்துக்கு வந்தவர்! நடந்தது, ஒரு படி கீழான ‘கிராஃப்’ நிலையிலிருந்து புனித ரோமப் பேரரசர் தந்த உயர்வு. ஆள்பவரின் மகனுக்கு ஜெர்மனில் ‘பிரின்ட்ஸ்’ என்று தனிச்சொல் உண்டு. திங்களன்று அச்சுக்குப் போகணும், உதவுங்கள்.
– செ.

குறுநில மன்னர் இருக்கவே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.
– ந.

குறுநிலம் பரப்பைச் சொல்லும், படிநிலையைச் சொல்லாது. கிராஃப் ஆண்டதும் குறுநிலமே. ‘வேள்’ என்க. முடியுடை வேந்தருக்குக் கீழே, தன் நிலத்தைத் தானே ஆண்டவன் வேள். இருங்கோவேளை நாற்பத்தொன்பது தலைமுறை வந்தவன் என்கிறார் கபிலர். ரொய்ஸ் குடியும் அப்படித்தான் எண்ணிக்கொண்டே போகிறது. வேள், வேட்கை, வேளாண்மை மூன்றும் ஒரே வேர் என்பது என் கட்சி. விரிவாகத் தனி மடலில்.
– பு.

வேர் பார்ப்பதென்றால் ஃபூர்ஸ்டுக்கே பார்ப்போம். ‘முதலாமவன்’ என்பதே அதன் மூலப்பொருள். லத்தீன் ‘பிரின்கெப்ஸ்’ஸும் அதுவே. ஆகவே ‘முதல்வர்’.
– கு.

“1866இல் கிரைட்ஸ் முதல்வரின் நாடு ஆஸ்திரியா பக்கம் நின்றது, பிரஷ்யப் படை ஊருக்குள் புகுந்தது.” வாசகர் அடுத்த வரியில் சட்டசபையைத் தேடுவார் ஐயா.

அது கிடக்கட்டும். 22ஆம் ஹைன்ரிஷுக்குப் பின் 1902இல் 24ஆம் ஹைன்ரிஷ் என்றிருக்கிறதே, 23 எங்கே? அச்சுப்பிழையா?
– ந.

பிழையில்லை அம்மா. வீட்டு ஆண்பிள்ளை எல்லாருக்கும் ஹைன்ரிஷ்தான் பெயர், ஆளாதவருக்கும் எண் உண்டு. நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது மூத்த கிளையின் விதியாக இருந்தது. இளைய கிளையில் நூற்றாண்டு மாறினால் எண்ணும் புதிதாகும். இப்போதுதான் உறைக்கிறது: ‘22ஆம்’ என்றால் இருபத்தொரு பேர் முன்னால் ஆண்டதாகத் தமிழில் ஒலிக்கிறது. ‘ஹைன்ரிஷ் 22’ என்று மாற்றிவிடுகிறேன். இந்தக் கேள்வியால் எனக்கு லாபம்.

பட்டத்துக்கு ‘சிற்றரசர்’ என்று போடுகிறேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். வேள் அழகுதான், ஆனால் ‘வேள் ஹைன்ரிஷ்’ வாயில் நிற்கவில்லை. பு. ஐயா மன்னிக்கணும்.
– செ.

மன்னிப்பு இருக்கட்டும். சிற்றரசன் என்றால் மேலே ஒரு பேரரசன் வேண்டும். 1806இல் அந்தப் புனித ரோமப் பேரரசே கலைந்துபோயிற்றே, அதற்குப் பிறகு இவர் யாருக்குச் சிற்றரசர்?
– பு.